எஞ்சினைச் செய்வதா, வேறு வாங்குவதா?

ஹெவ்லொக் டவுனில் எனது கடை. காலையில் புறக்கோட்டையில் சரக்கு ஏற்றி, லுஹருக்கு முன் வெள்ளவத்தை, பாமன்கடை, கிருலப்பனைக் கடைகளுக்கு இறக்கிவிட வேண்டும். இந்த ஓட்டம் முழுவதும் ஒரு பழைய டொயோட்டா டொல்ஃபின் வேனை நம்பித்தான். 2023இல் ஒருநாள் அது ஹெவ்லொக் வீதியில் வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு நின்றுவிட்டது.

கராஜ் பாஸ் பார்த்துவிட்டு, "நானா, எஞ்சினைச் செய்யணும், இல்லாட்டி வேற எஞ்சின் போடணும். நாளைக்குச் சொல்லுங்க" என்றார். வாகனம் வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் வரும் கேள்வி இது. இரண்டு வழியிலும் போனவன் என்பதால் எழுதுகிறேன்.

முதல் தடவை விட்ட பிழை

2006இல் என்னிடம் வேறொரு வேன் இருந்தது. எஞ்சின் சூடாகிப் பழுதானதும் யோசிக்காமல் பஞ்சிகாவத்தைக்குப் போய், ஜப்பானில் இருந்து வந்த பாவித்த எஞ்சின் ஒன்றை வாங்கிப் போட்டேன். இரண்டு நாளில் வேன் ஓடியது. ஆறு மாதத்தில் அதுவும் சூடாகி நின்றது. கடைக்காரரோடு சண்டை பிடிக்கப் போனேன். அவர் பொறுமையாக வந்து ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். குழாய்களில் பாதி அடைத்துக் கிடந்தது. முதல் எஞ்சினைக் கொன்ற அதே ரேடியேட்டரை இரண்டாவதற்கும் பூட்டியவன் நான்தான். பிழை அவரிடம் இல்லை.

முதலில் நோயைப் பாருங்கள்

வேலைக்குச் சம்மதம் சொல்ல முன் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் குறைவென்றால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்தான். அதற்கு முழு எஞ்சினையும் செய்யத் தேவையில்லை. எல்லாவற்றிலும் குறைந்து, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை அடிக்கிறதென்றால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது.

செய்வதென்றால் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். கிராங்கைக் கடைந்து பெயாரிங் மாற்ற வேண்டும். ஹெட்டைச் சமப்படுத்தி வால்வைச் சரிசெய்ய வேண்டும். லேத் வேலை சுத்தமாக இருந்தால் இது நீண்டகாலம் ஓடும். பிளொக்கில் வெடிப்பு இருந்தாலோ, கிராங் மேலும் கடைய இடமில்லாமல் தேய்ந்திருந்தாலோ செய்யும் ஆசையை விட்டுவிடுங்கள்.

வாங்குவதென்றால்

ஜப்பானில் புதிய காருக்கு 3 வருடத்திலும், பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அந்தச் செலவை நினைத்து அங்கே பலர் வாகனத்தை நேரத்தோடு கழித்துவிடுகிறார்கள். அங்கும் நமது நாட்டைப் போல இடப்பக்க ஓட்டம் என்பதால் அந்தப் பாகங்கள் நமக்குப் பொருந்துகின்றன. ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியதென்று அந்த எஞ்சின் வாய் திறந்து சொல்லாது. கழுவிப் பெயின்ட் அடித்ததைப் பார்த்து மயங்காமல், ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிப் பூட்டும் கூலி அதில் அடங்குமா என்றும் கேளுங்கள். பூட்ட முன் டைமிங் பெல்டை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பில்லையும் இறக்குமதிப் பத்திரப் பிரதியையும் அன்றே கேட்டு வாங்குங்கள். இதை விட்டவர்கள் வாகனத்தை விற்கும்போதுதான் விழிக்கிறார்கள்.

என் கணக்கு

2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதிப் பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி அப்போதும் திறக்கவில்லை. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி விட்டார்கள். ஆகவே இருக்கும் வேனைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பிளொக் நல்லதென்று தெரிந்ததும், எஞ்சினைச் செய்யச் சொன்னேன்.

எட்டு நாள் என்றார்கள்; பதினாறு நாள் ஆனது. அத்தனை நாளும் வாடகை வேன். சரக்குப் பிந்தியதால் இரண்டு வாடிக்கைக் கடைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. ஒன்றுதான் திரும்பி வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. எல்லாம் கூட்டிப் பார்த்தபோது வேறு எஞ்சின் வாங்கியிருந்தாலும் ஏறக்குறைய அதே செலவுதான் வந்திருக்கும். ஆனாலும் வருத்தமில்லை. உள்ளே என்ன போட்டிருக்கிறதென்று எனக்குத் தெரியும். பதிவுப் புத்தகத்திலும் கைவைக்கவில்லை.

ஆகவே, கராஜ்காரர் சொல்லும் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். வாகனம் நிற்கும் நாட்களையும் வாடகையையும் கைநழுவும் வாடிக்கையையும் பக்கத்தில் எழுதிக் கூட்டுங்கள். ஒரே வாகனத்தில் தொழில் செய்பவருக்கு, விலை கூடினாலும் இரண்டு நாளில் ஓடும் எஞ்சின் இலாபமாக இருக்கலாம். மாற்று வாகனம் உள்ளவர் பொறுத்திருந்து செய்விக்கலாம். எந்த வழியில் போனாலும் ரேடியேட்டரை முதலில் கழற்றிப் பாருங்கள். அந்தப் பாடத்துக்கு நான் ஓர் எஞ்சினின் விலையைக் கொடுத்திருக்கிறேன்.