ஓநாய் உருவும் காதல் உள்ளமும்

மனிதன் ஓநாயாக மாறினான், மீண்டும் மனிதனானான், அவனை ஒருத்தி காதலித்தாள். இத்தகைய கதைநூல் ஒன்றை மாணவர் கையில் கண்டால், "இதுவும் ஒரு நூலா?" என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர். அவ்வாறு ஒதுக்குமுன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக மேலைநாட்டார் இக்கதையைச் சொல்லி வருகின்றனர். நடவாத ஒன்றை மக்கள் இத்துணைக் காலம் விடாது சொல்லி வருவாராயின், அதனுள் நாள்தோறும் நடக்கும் ஏதோ ஒன்று மறைந்திருத்தல் வேண்டும். அது யாது?

பெயரும் பொருளும்

ஆங்கிலத்தில் இவ்வுருமாறியை 'வேர்வுல்ப்' என்பர். பழைய ஆங்கிலத்தில் 'வேர்' என்பது ஆடவனையும், 'வுல்ப்' என்பது ஓநாயையும் குறிக்கும். இரண்டும் சேர்ந்து ஓநாய் மனிதன் என்றாயிற்று.

நாம் கூறும் 'கூடுவிட்டுக் கூடு பாய்தல்' வேறு; இது வேறு. அங்கே உயிர் தன் உடலை விட்டு நீங்கி வேறோர் உடலிற் புகுகிறது. இங்கே உடலே மாறுகிறது. உருவம் விலங்கு, உள்ளமோ மனித உள்ளம். அவ்வுள்ளத்தைக் காணும் கண் யாருக்கு உண்டு? கதையின் முடிச்சு இவ்வினாவிலேயே இருக்கிறது.

மாரியின் கதைப் பாடல்

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாரி தெ பிரான்ஸ் என்னும் பெண்பாற் புலவர், பழைய பிரெஞ்சு மொழியில் 12 கதைப் பாடல்களை இயற்றினார். அவற்றுள் ஒன்று 'பிஸ்கிளவ்ரே'.

பிரித்தானி நாட்டுப் பெருமகன் ஒருவன் வாரந்தோறும் 3 நாள் காணாமற் போவான். மனைவி வற்புறுத்திக் கேட்கவே, தான் அந்நாட்களில் ஓநாயாகிக் காட்டில் திரிவதைச் சொல்லிவிடுகிறான். களைந்த ஆடையை எங்கே ஒளித்து வைக்கிறான் என்பதையும் சொல்கிறான். அவ்வாடை கிடைக்காவிடின் அவன் மீண்டும் மனிதனாக இயலாது. அஞ்சிய மனைவி, தன்னை நெடுநாள் விரும்பிவந்த வேறொரு வீரனை அழைத்து அவ்வாடையைத் திருடச் செய்கிறாள்; பின்னர் அவனையே மணந்து கொள்கிறாள்.

ஓராண்டு கழிகிறது. வேட்டைக்கு வந்த அரசனின் காலை அவ்வோநாய் பற்றி முத்தமிடுகிறது. 'இவ்விலங்கிற்கு அறிவுண்டு' எனக் கண்ட அரசன், அதனை அரண்மனைக்கு அழைத்துச் செல்கிறான். எவர்க்கும் தீங்கு செய்யாத ஓநாய், அவ்வீரனைக் கண்டதும் பாய்கிறது. பின்னொருநாள் மனைவியைக் கண்டு அவள் மூக்கைக் கடித்துவிடுகிறது. காரணமின்றி அது சினவாது என்று அறிஞர் ஒருவர் எடுத்துரைக்க, உண்மை வெளிப்படுகிறது. ஆடையைக் கொணர்ந்தும், பலர் முன்னிலையில் ஓநாய் அதனைத் தொடவில்லை. தனியறையில் விட்டபின் சென்று பார்த்தால், அரசனின் கட்டிலில் அப்பெருமகன் துயின்று கொண்டிருக்கிறான்.

மனைவி அஞ்சியது பிழையாகுமா? ஆகாது. யார்தான் அஞ்சமாட்டார்? ஆனால் அவளுக்கு விலகிச் செல்லும் வழி இருந்தது. அவளோ, நம்பிச் சொன்ன மறைபொருளையே கருவியாக்கிக் கணவனை விலங்குருவில் சிறைவைத்தாள். அரசனுக்கு எம்மறையும் தெரியாது. ஒழுக்கத்தை மட்டும் கண்டு உள்ளத்தை அறிந்தான். எனினும் அவளை வதைத்து உண்மையைப் பெற்ற அவ்வரசனின் முறையை இன்று நாம் ஏற்பதற்கில்லை.

ஏறத்தாழ 1188இல் வேல்சு நாட்டு ஜெரால்டு என்பார் எழுதிய அயர்லாந்து பற்றிய நூலில் இதற்கு மாறான கதையொன்று வருகிறது. துறவி ஒருவரின் சாபத்தால் ஓநாய்களான ஓர் ஆணும் ஒரு பெண்ணும் காட்டில் வாழ்கின்றனர். அப்பெண் இறக்கும் தறுவாயில், ஆண் ஓநாய் வழிச்சென்ற பாதிரியாரை அணுகி, அவளுக்கு இறுதிச் சடங்கு செய்யுமாறு மனிதக் குரலில் இரக்கிறது. தோல் மாறியும் அன்பு மாறவில்லை.

நம் நாட்டில் புலி

மலாயாக் காட்டில் ஓநாய் இல்லை. ஆகவே இங்கே அக்கதை புலியின் உருவை எடுத்தது. மலாய் மக்கள் அதனை 'ஹரிமாவ் ஜடியான்' என்பர். இங்குப் பணிபுரிந்த ஆங்கில அதிகாரி ஹியூ கிளிப்பர்டு, 1897இல் வெளியிட்ட நூலில் பேராக்கின் சிலிம் பள்ளத்தாக்கில் நிகழ்ந்ததாக ஒரு கதையைச் சொல்கிறார். சுமத்திராவின் கெரிஞ்சியிலிருந்து வந்த ஒருவரை மணந்த பெண், இரவில் வீட்டு ஏணியில் புலியுடலும் கணவன் முகமுமாக ஏறிவரும் உருவைக் கண்டு தாய்வீட்டிற்கு ஓடிவிடுகிறாள். இவள் வஞ்சிக்கவில்லை, விலகினாள். வெளியூரிலிருந்து வந்தவரையே ஊரார் புலியென ஐயுற்றனர் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

அத்தகைய ஐயம் உயிரையும் குடிக்கும். 1589இல் செருமனியின் பெட்பர்க் நகரில் பீட்டர் ஸ்டம்ப் என்பவரை வதைத்து, ஓநாயாக மாறிக் கொலை செய்ததாக ஒப்புக்கொள்ள வைத்துக் கொன்றனர். 1603இல் பிரான்சின் போர்தோ நீதிமன்றமோ, தன்னை ஓநாய் எனக் கூறிய ழான் கிரெனியே என்னும் சிறுவன் அறிவு தெளியாதவன் எனக் கண்டு மடமொன்றில் சேர்ப்பித்தது. கதையைக் கதையாகக் காணத் தெரியாதவன் கொலைஞனாகிறான், தெரிந்தவன் நீதிபதியாகிறான்.

இன்றைய காதற் கதை

இனி இக்காலத்திற்கு வருவோம். பிஜித் தீவில் இந்திய வழிவந்த குடும்பத்திற் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த எழுத்தாளர் நளினி சிங், 2006 முதல் ஒரு தொடர் நாவலை எழுதி வருகிறார். அதன் கற்பனை உலகில் மூவகை மக்கள் உளர்: சாதாரண மனிதர், விலங்காக உருமாறுவோர், மனத்தால் பிறர் மனத்தினுட் புகவல்ல 'சை' இனத்தார். 'சை' இனத்தாருக்கு எதையும் உணராதிருக்கக் குழந்தைப் பருவம் முதலே பயிற்சி அளிக்கப்படுகிறது. உணர்ந்தால் கடும் வலி தண்டனையாகும்.

2007இல் வந்த மூன்றாம் நூலின் தலைவி பிரென்னா. அவளே ஓநாய். 'சை' இனக் கொலைஞன் ஒருவனால் கடத்தப்பட்டு, உடலும் மனமும் சிதைக்கப்பட்டு, உயிர்தப்பியவள். அவள் காதல் கொள்ளும் ஜட் என்பவனோ அதே 'சை' இனத்தான். கொலைத் தொழில் பயின்றவன். அவளைக் கெடுத்த ஆற்றலும் இவன் ஆற்றலும் ஓரினத்தன. அவள் என்ன செய்ய வேண்டும்?

மாரியின் பழைய வினாவே இங்கு இடம் மாறி நிற்கிறது. அங்கே அஞ்சத்தக்க தோல். இங்கே அஞ்சத்தக்க மனம். பிரென்னா இனத்தைக் கொண்டு அவனை அளக்கவில்லை; செயலைக் கொண்டு அளக்கிறாள். அவளைப் பொத்திவைத்துக் காக்கவே உறவினர் விழைகின்றனர். அவளோ, துன்புற்றவள் என்னும் பெயரோடு வாழ்நாளைக் கழிக்க மறுக்கிறாள்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இவ்வகை நூல்கள் பலவற்றில் ஒரு குறையும் உண்டு. ஓநாயின் சினத்தையும் உடைமை வெறியையும் காதலின் ஆழம் என்று காட்டுவன அவை. துன்பத்திலிருந்து மீண்ட பெண்ணுக்கு அது மருந்தாகாது. பழைய நஞ்சே புதிய கிண்ணத்தில் வருவதாகும். ஆதலின் அந்நூல் மாணவி கையிலிருப்பின் பிடுங்க வேண்டா. "இந்த ஓநாய் அவள் விருப்பம் அறியக் காத்திருந்ததா? அவள் வேண்டாவென்றபோது விலகிற்றா?" என்று கேளுங்கள். மாரியின் ஓநாய் அரசனின் அடியில் பணிந்து காத்திருந்தது. அதனாலன்றோ அரசன் அதனுள் மனிதனைக் கண்டான்!

மனைவியிடம் சொல்லத் துணியாத மறை, கணவன் கண்டால் வெறுப்பானோ என்று ஒளிக்கும் வடு, எல்லார் வீட்டிலும் ஒன்றேனும் உண்டு. அதை நம்பி ஒருவர் கையில் கொடுக்கும்போது, கொடுத்தவர் ஆடையின்றி நிற்கும் ஓநாயாகிறார். பெற்றவர் அவ்வாடையைக் காப்பாரா, திருடுவாரா என்பதே இக்கதைகள் எண்ணூறு ஆண்டுகளாகக் கேட்டுவரும் வினா.