யார் எவ்வளவு பாவித்தார் என்று தெரிந்தால் போதும்: பொதுக் கணனியில் இணையப் பாவனையை எண்ணுவது எப்படி?

எங்கள் கிராமத்துச் சனசமூக நிலையத்தில் ஒரு கணனியும் ஓர் இணைய இணைப்பும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேச வரும் வயோதிபர்கள், காணாமல் ஆக்கப்பட்ட உறவுகள் தொடர்பாகக் கடிதம் அனுப்ப வரும் தாய்மார் என எல்லோரும் பாவிப்பது அந்த ஒரே கணனியைத்தான். இணைப்புக்கான பணத்தில் ஒரு பகுதி அங்கத்தவர் சந்தாவாகவும் மறுபகுதி புலம்பெயர்ந்த ஊரவர்களின் உதவியாகவும் வருகிறது.

மாதம் முடிவதற்குப் பத்து நாட்கள் இருக்கும்போதே டேட்டா முடிந்துவிடும். ஒன்லைன் வகுப்பு இருக்கும் பிள்ளை திரும்பிப் போவாள். கடிதத்தை ஸ்கான் செய்து கொண்டுவந்த அம்மா அடுத்த மாதம் வரை காத்திருப்பார். உடனே சந்தேகம் தொடங்கும். "பெடியள் படம் பாத்து முடிக்கிறாங்கள்" என்பார்கள். நிர்வாகக் கூட்டமொன்றில், யார் எந்தத் தளத்தைப் பார்க்கிறார்கள் என்று பதிவு செய்யும் மென்பொருளைப் போடுவோம் என்ற யோசனை வந்தது. நான் அதற்கு உடன்படவில்லை. யார் எவ்வளவு பாவித்தார் என்பதும் யார் எதைப் பார்த்தார் என்பதும் இரண்டு வேறு கேள்விகள். முதலாவது கேள்விக்கு விடை காண இரண்டாவதைத் தொடவே தேவையில்லை. இதே பிரச்சினை உள்ள மற்ற நிலையங்களுக்கும் வீடுகளுக்கும் உதவும் என்பதால் அதை இங்கே விளக்குகிறேன்.

வேகம் வேறு, அளவு வேறு

இணைப்பு எடுக்கும்போது சொல்லப்படும் எம்பிபிஎஸ் என்பது வேகம். ஒரு விநாடியில் எத்தனை மெகாபிட் வரும் என்பதை அது காட்டுகிறது. மாத முடிவில் தீர்ந்துபோகும் ஜிபி என்பது அளவு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 4 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு விநாடிக்கு அரை மெகாபைட் வரும். அதை முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம் பாவித்தால் 1.8 ஜிபி போய்விடும்.

இந்தக் கணக்கு தெரிந்தாலே பாதிச் சந்தேகங்கள் தீரும். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் சாதாரணத் தரமுள்ள வீடியோ, ஒரு மணித்தியாலத்தில் 450 எம்பி எடுக்கும். ஸ்கான் செய்த ஒரு கடிதம் 2 எம்பி என்று வைத்தால், அப்படி 200 கடிதங்களை அனுப்பினாலும் 400 எம்பிதான். அதாவது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வருடக்கணக்கில் அனுப்பும் கடிதங்கள் அத்தனையும் ஒரு வகுப்பு வீடியோவின் அளவுக்கு வராது. கணனிக்கு முன்னால் அதிக நேரம் இருப்பவர்தான் அதிகம் பாவிப்பவர் என்று எண்ணுவது தவறு.

இன்னொரு குழப்பமும் உண்டு. விண்டோஸ் கணனி 1024ஐ அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுகிறது. இணைப்பு வழங்குநர் 1000ஐ அடிப்படையாகக் கொண்டு எண்ணினால், அவருடைய 100 ஜிபி, கணனியில் ஏறக்குறைய 93 ஜிபி என்றே தெரியும். இந்த 7 ஜிபி வித்தியாசத்தை யாரும் திருடவில்லை.

ரவுட்டருக்கு ஆளைத் தெரியாது

வழங்குநரின் செயலியைத் திறந்தால் மாதத்தின் மொத்தப் பாவனை தெரியும். சில ரவுட்டர்கள் எந்தக் கருவி எவ்வளவு எடுத்தது என்றும் காட்டும். வீட்டில் ஆளுக்கொரு தொலைபேசி இருந்தால் அது போதும். ஆனால் ஒரே கணனியில் பத்துப் பேர் மாறி மாறி இருந்தால், ரவுட்டரின் கண்ணுக்கு அந்தப் பத்துப் பேரும் ஒரே முகவரிதான். எனவே ஆள் வாரியாக எண்ணும் வேலையைக் கணனிக்கு உள்ளேதான் செய்ய வேண்டும்.

அதற்கு முதல் நிபந்தனை, ஒவ்வொருவருக்கும் தனியான பாவனையாளர் கணக்கு. எல்லோரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் உள்ளே போனால் எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. தனிக் கணக்கால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒருவருடைய மின்னஞ்சல், தரவிறக்கிய கோப்புகள், சேமித்த கடவுச்சொற்கள் அடுத்தவருக்குத் திறந்து கிடக்காது. பொதுக் கணனிகளில் அடையாள அட்டைப் பிரதிகளும் முறைப்பாட்டுக் கடிதங்களும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் கிடப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். எண்ணுவதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவேனும் கணக்குகளைப் பிரிக்க வேண்டும்.

எழும்பிப் போகும்போது கணக்கிலிருந்து முழுமையாக வெளியேறுவதும் முக்கியம். வெளியேறாமல் அடுத்தவரின் கணக்குக்கு மாறினால், முந்தியவர் திறந்து வைத்த செயலிகள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அவை எடுக்கும் டேட்டா அவர் பெயரிலேயே ஏறும்.

விண்டோஸ் கணனியில்

விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் பாவனையாளர்களுக்கான ஒரு பகுதி இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் எவ்வளவு வலையமைப்பைப் பாவிக்கிறார் என்பதை அது காட்டும். ஆனால் அது அந்தக் கணத்தின் வேகம் மட்டுமே. மாதக் கணக்கு அதில் இல்லை. அமைப்புகளில் உள்ள டேட்டாப் பாவனைப் பக்கம் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று காட்டுகிறது.

எளிய வழி, மின்மானி வாசிப்பதைப் போன்றது. வலையமைப்பு இணைப்பின் நிலையைக் காட்டும் சிறிய பெட்டியில், இணைப்புத் தொடங்கியதிலிருந்து அனுப்பிய பைட்டும் பெற்ற பைட்டும் இருக்கும். ஒருவர் தொடங்கும்போது ஒரு தடவையும் முடிக்கும்போது ஒரு தடவையும் குறித்துக் கழித்தால் அவருடைய அளவு வரும். கணனியை நிறுத்தித் தொடங்கினால் இலக்கம் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும் என்பதை மறக்கக்கூடாது. ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் போதும். ஆனால் பின்னணியில் கணனி தானாக எடுப்பதும் அந்த ஆளின் தலையில் விழும் என்பது இதிலுள்ள குறை.

ஒரு விடயத்தை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல், எந்தக் கணக்கில் எந்தச் செயலி எவ்வளவு பைட் அனுப்பியது, பெற்றது என்பதைக் கணனி தானாகவே உள்ளே ஒரு கோப்பில் எழுதி, ஒரு மாதத்துக்கு மேலாகவும் வைத்திருக்கிறது. சாதாரண பாவனையாளருக்கு அதை வாசிக்க இலகுவான பக்கம் இல்லை. குற்றப் புலனாய்வில் கணனிகளைச் சோதிப்பவர்கள் அதை வாசிக்கிறார்கள். நாங்கள் எதையும் நிறுவாவிட்டாலும் கணனி எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது.

லினக்ஸ் கணனியில்

எங்களுடையது பழைய கணனி. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. புதிய விண்டோஸை ஏற்கும் தகுதி அந்தக் கணனிக்கு இல்லை. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறினோம். ஆள் வாரியாக எண்ணுவதற்கு அதில் நல்ல வசதி இருக்கிறது.

லினக்ஸில் ஒவ்வொரு பாவனையாளருக்கும் ஓர் இலக்கம் உண்டு. அவர் திறக்கும் செயலிகள் எல்லாம் அந்த இலக்கத்தின் கீழ்தான் ஓடும். வெளியே போகும் தரவுப் பொதி எந்த இலக்கத்துக்குரியது என்பது கணனிக்குத் தெரியும். உள்ளே வரும் பொதியில் அந்த இலக்கம் இருக்காது. பழைய முறையில் இதற்கு ஓர் உத்தி செய்தார்கள். வெளியே போகும்போதே அந்த இணைப்புக்கு ஆளின் இலக்கத்தை அடையாளமாக இட்டுவிடுவார்கள். பதில் அதே இணைப்பில் வருவதால் அடையாளத்தைப் பார்த்து யாருடைய கணக்கு என்று எண்ணலாம். பதிவுத் தபாலின் இலக்கத்தை வைத்துப் பதிலைச் சேர்ப்பது போன்றது இது.

இப்போது அவ்வளவு சிரமம் தேவையில்லை. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இருக்கும் சிஸ்டம்டி என்ற நிர்வாக மென்பொருள், 2017இல் வந்த 235ஆம் பதிப்பிலிருந்து இந்த எண்ணிக்கையைத் தானே செய்யும். ஒவ்வொரு பாவனையாளருக்கும் ஒதுக்கப்பட்ட பகுதியில் அந்த வசதியை இயக்கிவிட்டால், பெற்ற பைட், அனுப்பிய பைட் என்ற இரண்டு இலக்கங்கள் கிடைக்கும். அவர் வெளியேறும்போது அந்த எண்ணிக்கை அழிந்துவிடும். எனவே சில நிமிடங்களுக்கு ஒரு தடவை இலக்கத்தைக் கோப்பில் எழுதும் சிறிய நிரல் வேண்டும். லினக்ஸ் தெரிந்த ஒரு மாணவர் ஒரு பின்னேரத்தில் எழுதித் தரக்கூடிய வேலை அது.

இந்த முறையை நான் விரும்புவதற்குக் காரணம், அதில் இணைய முகவரி எதுவும் பதிவாவதில்லை. எத்தனை பைட் என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

பெயரில்லாத பெரும் பாவனையாளர்

முதல் மாதக் கணக்கை எடுத்தபோது முதலிடத்தில் நின்றது எந்தப் பிள்ளையின் பெயரும் அல்ல. கணனியின் சொந்தக் கணக்குத்தான் அது. மென்பொருள் புதுப்பிப்புகள் எந்த ஆளின் பெயரிலும் வருவதில்லை. அவை கணனியின் நிர்வாகக் கணக்கில் இறங்குகின்றன. விண்டோஸிலும் இதே நிலைதான். பெரிய புதுப்பிப்பு ஒன்று சில ஜிபி வரும். அத்துடன் விண்டோஸ் தான் இறக்கியதை வேறு கணனிகளுக்குப் பகிரவும் கூடும்.

அதற்காகப் புதுப்பிப்புகளை நிறுத்திவிடக்கூடாது. அவை பாதுகாப்புக்குத் தேவையானவை. இணைப்பு அளவு மட்டுப்படுத்தப்பட்டது என்று விண்டோஸுக்குச் சொல்லும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. அதை இயக்கினால் பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமாக இறங்கா. மற்றக் கணனிகளுக்குப் பகிர்வதையும் நிறுத்தலாம். இரவு நேரத்துக்குத் தனி ஒதுக்கீடு தரும் பொதியாக இருந்தால், புதுப்பிப்புகளை அந்த நேரத்தில் இறக்கலாம். எங்கள் நிலையத்தில் கணனியையும் பட்டியலில் ஓர் அங்கத்தவராக எழுதி, அதற்கும் ஒரு பங்கை ஒதுக்கினோம்.

எதை எண்ணக்கூடாது

தளங்களைப் பதிவு செய்யும் முறைகளும் உள்ளன. ப்ரொக்ஸி என்ற இடைத்தரகு மென்பொருளின் ஊடாக எல்லோரையும் அனுப்பினால், யார், எந்த நேரத்தில், எந்த முகவரிக்குப் போனார், எவ்வளவு எடுத்தார் என்று அது எழுதி வைக்கும். பூட்டுக் குறியுள்ள தளங்களில் உள்ளே என்ன வாசித்தார் என்பது தெரியாது. தளத்தின் பெயர் தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பெயரே போதும். மனித உரிமை அமைப்பின் தளம், காணாமல் போனோர் அலுவலகத்தின் தளம், உளநல ஆலோசனைத் தளம் என்று ஒரு பட்டியல் இருந்தால் அந்த ஆளின் கதை முழுவதும் அதில் இருக்கும். கண்காணிப்பு மென்பொருள் என்று விற்கப்படுபவற்றில் சில இன்னும் ஒருபடி மேலே போய், திரையைப் படம் பிடிக்கும். தட்டச்சு செய்யும் எழுத்துகளையும் கடவுச்சொற்கள் உட்படப் பதிவு செய்யும்.

அந்த யோசனை வெளியே கதைபட்டதும் புனர்வாழ்வு பெற்று வந்த இளைஞர் ஒருவர் நிலையத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். மகனைத் தேடும் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் எழுதுறதும் அதில விழுமோ?" விழாது என்று நான் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், விழக்கூடிய ஒரு கோப்பு அங்கே இருக்கவே கூடாது. பதிவு இருந்தால் அதை ஒருநாள் யாரோ வந்து கேட்பார்கள். கேட்பவர் சீருடையில் வந்தால் கொடுக்க முடியாது என்று சொல்லும் பலம் ஒரு கிராமத்து நிர்வாகத்துக்கு இல்லை.

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்க நான் பழைய கொமினிகேசன் கடைகளை நினைவுபடுத்தினேன். வெளிநாட்டு அழைப்புக்காக வரிசையில் நின்ற காலத்தில், கடைக்காரர் நிமிடத்தை எண்ணிக் காசு வாங்கினார். நாங்கள் என்ன கதைத்தோம் என்பது கணக்குப் போட அவருக்குத் தேவைப்படவில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே கோட்பாட்டைத்தான் எழுதி வைத்திருக்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக, அதற்குத் தேவையான அளவு தரவை மட்டும் சேகரிக்க வேண்டும். தேவை முடிந்த பின் வைத்திருக்கக்கூடாது. இந்த நாட்டில் சட்டங்கள் எப்படி நடைமுறைக்கு வருகின்றன என்பது வேறு கதை. ஒரு சனசமூக நிலையம் இதைத் தானாகவே கடைப்பிடிக்க யாரும் தடையில்லை.

நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு

எங்கள் கோப்பில் நான்கு விடயங்கள் மட்டுமே இருக்கின்றன: திகதி, கணக்கின் பெயர், பெற்ற அளவு, அனுப்பிய அளவு. இரண்டு மாதம் கழிந்தவை அழிக்கப்படும். இந்தக் கணக்கு எடுக்கப்படுகிறது என்பதும் எது எடுக்கப்படவில்லை என்பதும் கணனிக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. ஒருவருடைய இலக்கம் அவருக்கு மட்டும் சொல்லப்படும். கூட்டத்துக்கு மொத்தமும் கணனியின் பங்கும் மட்டும் வாசிக்கப்படும். நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கிறது. அந்தக் கணக்கால் மற்றவர்களின் கோப்புகளைத் திறக்க முடியும் என்பதால், ஒருவர் தனியே அதைத் திறக்கக்கூடாது என்பது எங்கள் முடிவு.

பங்கிடும்போது எல்லோருக்கும் சம அளவு என்று தொடங்கினோம். பரீட்சைக் காலத்தில் மாணவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம். கடிதமும் விண்ணப்பமும் அனுப்புவோருக்கு எல்லை வைக்கவில்லை, அவை எடுப்பது மிகச் சிறிய அளவு. ஒருவர் தன் பங்கைத் தாண்டினால் அவரை அழைத்துத் தனியாகக் கதைப்போம். வகுப்பு வீடியோவின் தரத்தைக் குறைத்துப் பார்க்கச் சொன்னாலே பல நேரம் போதுமாக இருக்கிறது.

உங்கள் நிலையத்திலோ வீட்டிலோ இதைத் தொடங்குவதானால் முதல் நாளில் செய்ய வேண்டியது இரண்டு வேலைகள்தான். ஆளுக்கொரு கணக்கைத் திறந்து கொடுங்கள். பிறகு, என்ன எண்ணப் போகிறீர்கள் என்பதை எண்ணத் தொடங்குவதற்கு முன்னரே எல்லோருக்கும் சொல்லுங்கள்.