உடன் வந்தவருக்கும் ஒரு சீட்டு

மூளை முடக்குவாதமும் வலிப்பும் உள்ள ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று ஆண்டுகளாக எங்கள் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தாள். முசிறிக்கு அப்பால் உள்ள சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்துகள் மாறி, அவளை இடுப்பில் சுமந்தபடி தாயார் திருச்சிக்கு வருவார். வலிப்பு எத்தனை முறை வந்தது, மாத்திரை ஒத்துக்கொண்டதா, விழுங்குவதில் சிரமம் உண்டா, எடை கூடியதா என்று ஒவ்வொரு வருகையின்போதும் கேட்டுக் குறித்திருக்கிறோம். அந்தக் கோப்பு முழுவதையும் பின்னர் ஒரு நாள் புரட்டியபோது, தாயாரைப் பற்றி அதில் இருந்தது ஒரே குறிப்புத்தான்: 'உடன் வந்தவர்: தாய்.' இன்னார் என அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம்.

கோப்பைப் புரட்ட நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மருந்தகத்தின் முன் வரிசையில் நின்றிருந்த அவர் மயங்கி விழுந்தார். இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தச்சோகை ஆகியவற்றிற்கான சோதனைகளில் பெரிய குறை ஏதும் தென்படவில்லை. கடைசியாக எப்போது நன்றாக உறங்கினீர்கள் என்று செவிலியர் கேட்டார். "விடாம தூங்குன ராத்திரி எதுன்னே ஞாபகம் இல்லீங்க" என்றார். சற்று நேரம் கழித்து, தாமாகவே, "சில நேரம் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிடலாம்னு தோணுது" என்றார்.

எங்கே என்று அவர் சொல்லவில்லை. நாங்கள்தான் கேட்டோம், உயிரை விட்டுவிடும் எண்ணமா என்று நேரடியாகவே கேட்டோம். ஆம் எனத் தலையசைத்தார். இவ்வாறு கேட்பதே அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை. பெரும்பாலும், கேட்கப்பட்டவர் ஆறுதலே அடைகிறார். அன்று அவரை வீட்டிற்கு அனுப்பவில்லை. மகளோடு சேர்த்துச் சில நாட்கள் உள்நோயாளியாக வைத்துக்கொண்டோம். மூன்று ஆண்டுகளில் ஒருமுறையேனும் இக்கேள்வியை நாங்கள் முன்னதாகக் கேட்டிருக்க வேண்டும்.

வீடு திரும்பும் வேளையில், வாரம் ஒருமுறை ஆலோசனைக்கு வாருங்கள் என்று சொல்ல எங்களுக்கே நா எழவில்லை. நடக்கவியலாத பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவார்? களைப்புக்கு மருந்து தேடி மேலும் களைத்துப்போவதற்கா? ஆகவே, முதல் சில வாரங்களை நேரில் கடந்த பிறகு, எங்கள் மருத்துவ உளவியலாளர் அவரோடு கைபேசியில் காணொலி வழியே பேசத் தொடங்கினார். இணையவழிச் சிகிச்சை என்று நாங்கள் குறிப்பிடுவது இதனைத்தான். தொலை மருத்துவத்திற்கான வழிகாட்டு நெறிகளை இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது முதல் இதற்கெனத் தெளிவான விதிகள் உள்ளன. மருத்துவர் தம்மை அடையாளப்படுத்திக்கொள்ள வேண்டும். நோயாளியின் இசைவு வேண்டும். நேரில் பரிசோதிப்பது அவசியம் எனத் தோன்றினால் அழைத்தே ஆகவேண்டும். போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகள் பலவற்றை இவ்வழியில் எழுதித்தர இயலாது. 'தூக்க மாத்திரை மட்டும் எழுதி அனுப்புங்கள் சார்' என்று கேட்போரிடம் நாங்கள் மறுப்பது இதனாலும்தான்.

இணைய வசதியே பெருந்தடையாக இருக்கும் என எண்ணியிருந்தோம். உண்மையில் தடையாக நின்றது கதவு. இரண்டே அறைகள் கொண்ட வீட்டில், மாமியார், மகள், வந்து போகும் அண்டை வீட்டார் ஆகியோருக்கு நடுவே, தம் மனத்தில் உள்ளதை ஒரு பெண் எங்கே அமர்ந்து சொல்வார்? அவர் மாட்டுக்கொட்டகையின் பின்புறத்தைத் தேர்ந்தெடுத்தார். படம் அடிக்கடி உறைந்துபோனதால் குரலை மட்டும் வைத்துக்கொண்டோம். அதனால் குறையொன்றும் நேரவில்லை. யாரேனும் அருகில் வந்தால் "பாலுக்கு நேரமாச்சு" என்பார். உளவியலாளர் உடனே வேறு பேச்சுக்கு மாறிவிடுவார். இப்போது ஒவ்வொருவரிடமும் முதல் அமர்விலேயே இப்படியொரு சொல்லை முடிவு செய்துகொள்கிறோம். எங்கிருந்து பேசுகிறார், அவசரமெனில் யாரை அழைப்பது, இணைப்பு அறுந்தால் யார் திரும்ப அழைப்பது என்பவற்றையும் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்கிறோம்.

அந்த அமர்வுகளில் என்னதான் பேசினார்கள்? அறிவுரை வழங்கவில்லை. ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் அவரையே சொல்லச் செய்து எழுதிப் பார்த்தார்கள். இரவுகளில் அவரை எழுப்பியது வேலையைக் காட்டிலும் அச்சமே என்பது அப்போதுதான் புலப்பட்டது. மகள் சற்று அசைந்தாலும் வலிப்போ என்று எழுந்து அமர்ந்துவிடுவார்; பிறகு விடியும்வரை அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருப்பார். எனவே குழந்தை நரம்பியல் மருத்துவரும் ஓர் அமர்வில் இணைந்தார். எது வலிப்பு, எது உறக்கத்தில் நிகழும் இயல்பான அசைவு என்று விளக்கினார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்தல், வாயில் எதையும் திணியாதிருத்தல், கடிகாரத்தைப் பார்த்தல், ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மருந்தைக் கொடுத்து மருத்துவமனைக்கு விரைதல் ஆகியவற்றை மாமியாருக்கும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார். தாம் ஒருவரே காவல் என்ற நிலை அன்று சற்றுத் தளர்ந்தது.

கணவர் ஷார்ஜாவில் பணிபுரிகிறார். வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் ஒருபோதும் அவரைச் சந்தித்ததில்லை. நான்காம் அமர்வில் அவர் தம் தங்குமிடத்தின் மாடிப்படியில் அமர்ந்து இணைந்துகொண்டார். மாதந்தோறும் பணம் அனுப்புவதோடு தம் கடமை நிறைவேறிவிட்டதாக அவர் எண்ணியிருந்தார்; அயல்நாட்டில் உழைப்பவரை ஏன் வருத்த வேண்டும் என்று மனைவி எதையும் சொல்லாதிருந்தார். அன்று சொன்னார். அதன்பின், பக்கத்து ஊரில் உள்ள தம் தங்கையிடம் அவரே பேசி, வெள்ளி, சனி இரவுகளில் குழந்தையோடு படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். நேரடிச் சிகிச்சையால் எட்டமுடியாத ஒன்றை இணையவழி எட்டியது என்று நாங்கள் துணிந்து சொல்வது இவ்விடத்தில்தான்.

அவருடைய சுமை நீங்கிவிட்டது என்று எழுதினால் அது பொய். சிறுமியின் நிலையில் மாற்றமில்லை; வளர வளரத் தூக்குவதும் கடினமாகிறது. ஆனால் வாரத்தில் இரண்டு இரவுகள் உறங்குகிறார். 'போய்விடலாம்' என்ற எண்ணம் இப்போது வருவதில்லை என்கிறார். நாங்களும் கேட்பதை நிறுத்தவில்லை.

பராமரிப்போரின் பளுவை அறிய ஸாரிட் அளவுகோல் என்ற 22 கேள்விகள் கொண்ட படிவம் உலகெங்கும் பயன்படுகிறது. உங்களுக்கென்று போதிய நேரம் இல்லை என உணர்கிறீர்களா என்ற பொருளில் அதில் ஒரு கேள்வி உண்டு. மறதி நோயுள்ள தந்தையைப் பார்த்துக்கொள்ளும் மகன் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். தமக்கென்று நேரம் வேண்டும் என நினைப்பதையே குற்றமாகக் கருதுவோர் நம்மிடையே மிகுதி. 'நான் அம்மாதானே, எனக்கெதற்கு வைத்தியம்' என்பதும் அதே குரல்தான்.

எல்லோருக்கும் இம்முறை பொருந்தாது. வீட்டில் அடி உதைக்கு அஞ்சுவோர், பேசுவதை ஒட்டுக்கேட்கும் நிலையில் உள்ளோர், குடிப்பழக்கம் கட்டுமீறியோர் ஆகியோரை நேரிலேயே பார்க்க விரும்புகிறோம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் எந்த நேரமாயினும் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். வர இயலாவிடில், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

எங்கள் மருத்துவமனையில் பதிவு செய்ய, நோயாளியோடு வரும் நாளிலேயே மனநலப் பிரிவுக்கென உங்கள் பெயரில் தனியாக ஒரு சீட்டுப் போடச் சொல்லுங்கள். நோயாளியின் சீட்டில் சேர்த்து எழுத வேண்டாம். முதல் சந்திப்பு நேரில். அதன்பிறகு உங்களுக்கு ஏற்ற வேளையில் கைபேசியில். அழைப்புகளை நாங்கள் பதிவு செய்து வைப்பதில்லை. காதுப்பொறி ஒன்று இருந்தால் போதும்.