கிச்சன் அலமாரி பழசாகிடுச்சா? இடிக்க வேண்டாம்... கதவை மட்டும் மாற்றினால் போதும்!

பொங்கலுக்குச் சுவரில் புது பெயின்ட் ஏறியதும்தான் கிச்சன் அலமாரியின் வயசு கண்ணில் படும். ஓரம் பெயர்ந்த மைக்கா, துருப்பிடித்த கீல், எவ்வளவு அழுத்தினாலும் மூடாத கதவு. ‘எல்லாத்தையும் எடுத்துட்டு மாடுலர் கிச்சன் போட்டுடலாமா?’ என்று யோசிப்பதற்கு முன் ஒரு நிமிடம். உள்கூடு நன்றாக இருந்தால் கதவு, டிராயர் முகப்பு, கீல், கைப்பிடி ஆகியவற்றை மட்டும் மாற்றினாலே போதும். இதைத்தான் ‘ரீஃபேசிங்’ என்கிறார்கள்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள சந்தவாசல் போன்ற ஊர்களுக்கு இது கைகொடுக்கும் வழி. காரணம், நம் ஊர் வீடுகள் பலவற்றில் மேடைக்குக் கீழே இருப்பது கடப்பா கல் தட்டுதான். கல்லைக் கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது. கெட்டுப்போவது முன்னால் இருக்கும் மரச்சட்டமும் கதவும்தான். அதை உள்ளூர் தச்சரே மாற்றிக் கொடுத்துவிடுவார்.

முதலில் சோதனை

மர அலமாரி என்றால் பொருள்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, உள்பக்கம் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. பொள்ளலாகக் கேட்டாலோ, மண் கோடு தெரிந்தாலோ கரையான் இருக்கலாம். சிங்க்குக்குக் கீழே பலகை உப்பியிருந்தால், அந்தப் பகுதியை முழுசாக மாற்றத்தான் வேண்டும். குழாய்க் கசிவைச் சரிசெய்யாமல் புதுக் கதவு போடுவது வீண் செலவு.

எதை வாங்குவது?

* கதவுக்கு 18 மி.மீ பிளைவுட். ஈரம் படும் சிங்க் பகுதிக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைக் கேளுங்கள். மற்ற இடங்களுக்கு ஐ.எஸ். 303-ல் ‘பி.டபிள்யூ.ஆர்’ ரகம் போதும்.
* மைக்கா வெளிப்பக்கம் 1 மி.மீ, உள்பக்கம் 0.8 மி.மீ. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வளைந்துவிடும்.
* வெட்டிய ஓரம் நான்கிலும் எட்ஜ் பேண்டிங் அவசியம். ஈரம் முதலில் நுழைவது அந்த வழியாகத்தான்.
* பழைய கதவு வளையாமல் கெட்டியாக இருந்தால் அதையே தேய்த்து, புது மைக்கா ஒட்டலாம்.

கணக்கு இதோ

ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத்தில் 6 கதவுகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 சதுர அடி. எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஷீட் ஒன்று 32 சதுர அடி. ஆக, ஒரு பிளைவுட், இரண்டு மைக்கா ஷீட், 12 கீல், 6 கைப்பிடி. இந்தப் பட்டியலோடு கடைக்குப் போய் விலை கேளுங்கள், தச்சுக்கூலியைச் சேருங்கள். பிறகு மாடுலர் கிச்சன் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

தச்சரிடம் பேசும்போது பழைய கதவைக் கழற்றுவது, எட்ஜ் பேண்டிங் இரண்டும் கூலியில் சேர்த்தியா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வேலை முடிந்து பணம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு கதவையும் நீங்களே திறந்து மூடிப் பாருங்கள். இடிக்காமலே மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல சிம்னியே வந்தாலும் வரலாம்!