சுட்டி இல்லாத திரையில் கோப்பைத் தேடுதல்

மாணவர்களே! கோப்பு, கோப்புறை, கோப்புப் பாதை ஆகிய சொற்களை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். ஆயினும் மஞ்சள் நிறக் கோப்புறைப் படத்தைச் சுட்டியால் இருமுறை சொடுக்கித் திறந்து பழகியவர்களுக்கு, பாதை என்பது மனனம் செய்து எழுதும் ஒரு வரைவிலக்கணமாகவே நின்றுவிடுகின்றது. "பின்வரும் கோப்பின் பாதையை எழுதுக" என வினா வந்தால் பலர் கோப்பின் பெயரை மட்டும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வதற்குக் காரணம் இதுவே. பாதையை விளங்கிக் கற்பதற்கு நல்லதோர் இடம் உண்டு. அது எழுத்துவழி மின்னஞ்சல் நிரல் ஆகும்.

எழுத்துவழி மின்னஞ்சல் நிரல் என்பது படங்களோ பொத்தான்களோ இன்றி, எழுத்துகளை மட்டும் திரையில் காட்டி, விசைப்பலகையால் மட்டும் இயக்கப்படும் நிரலாகும். அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989 இல் உருவாக்கத் தொடங்கப்பட்ட பைன், அதன் வழித்தோன்றலாக 2007 இல் வெளிவந்த அல்பைன், மைக்கேல் எல்கின்ஸ் 1995 இல் எழுதிய மட் ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. இவை பழங்காலப் பொருள்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தூரத்திலுள்ள சேவையகத்துடன் இணைந்து வேலை செய்வோர் மட், அல்பைன் இரண்டையும் இன்றும் பயன்படுத்துகின்றனர். குறைந்த வேக இணைப்பிலும் எழுத்துகள் விரைவாகத் திரைக்கு வந்துவிடும் என்பது இவற்றின் பெரிய நன்மை.

இந்நிரல்களில் கடிதம் எழுதுவது கடினமன்று. கடினம் தொடங்குவது, கடிதத்துடன் ஒரு கோப்பை இணைக்கும்போதுதான். மட் நிரலில் கடிதத்தை எழுதி முடித்தபின் 'ஏ' விசையை அழுத்தினால், இணைக்கவேண்டிய கோப்பு எது என்று ஒரு வரி கேட்கும். அவ்வளவுதான். படமும் இல்லை, பட்டியலும் இல்லை. வெறும் கோட்டில் நீங்கள் எதை எழுதுவீர்கள்?

ஓர் உதாரணத்தை நோக்குவோம். ஒரு மாணவர் புலமைப்பரிசில் விண்ணப்பம் ஒன்றை அனுப்பவேண்டியுள்ளது. லினக்ஸ் கணினியில் அவரது கோப்பு இருக்கும் இடம் பின்வருமாறு. (கோப்பின் நீட்சி இங்கு தவிர்க்கப்பட்டுள்ளது.)

/ஹோம்/மாணவர்/கடிதங்கள்/விண்ணப்பம்2

இது முழுப்பாதை ஆகும். முதலில் நிற்கும் சாய்கோடு மூலக் கோப்புறையைக் குறிக்கும். அங்கிருந்து ஒவ்வொரு கோப்புறையாக இறங்கிக் கோப்பை அடைகின்றோம். முழுப்பாதையை எங்கிருந்து எழுதினாலும் அது ஒரே கோப்பையே காட்டும். வின்டோஸில் இதே வேலைக்கு 'சீ:' போன்ற செலுத்தியின் பெயரும் மறுபக்கம் சாய்ந்த கோடும் வரும் என்பதைக் கவனிக்க. விடைத்தாளில் இரண்டையும் கலந்து எழுதுவோர் உளர்.

அம்மாணவர் இப்போது /ஹோம்/மாணவர்/பாடங்கள்/வரலாறு என்னும் கோப்புறையில் இருக்கின்றார் எனக் கொள்வோம். அவர் நிற்கும் இடத்திலிருந்து எழுதும் சார்புப்பாதை இதுவாகும்:

../../கடிதங்கள்/விண்ணப்பம்2

இரண்டு புள்ளிகள் சேர்ந்து வந்தால் "ஒரு படி மேலே செல்" என்பது பொருள். முதல் இரு புள்ளிகள் 'வரலாறு' என்பதிலிருந்து 'பாடங்கள்' கோப்புறைக்கும், அடுத்த இரு புள்ளிகள் 'மாணவர்' கோப்புறைக்கும் கொண்டுசெல்லும். பின்னர் 'கடிதங்கள்' என இறங்குகின்றோம். ஒரு வீட்டுக்கு வழி கேட்டால் மாகாணம், மாவட்டம், ஊர் என்று முழு முகவரியைச் சொல்வது ஒருவகை. "இந்த ஒழுங்கையால் திரும்பிப்போய்ச் சந்தியில் இடப்பக்கம் பிடியுங்கோ" என்று சொல்வது மற்றொரு வகை. இரண்டாவது சுருக்கமானதுதான். ஆனால் கேட்பவர் எங்கே நிற்கின்றார் என்பது தெரியாமல் அதைச் சொல்ல முடியாது.

இங்கேதான் முக்கியமான விடயம் வருகின்றது. நிரல் எங்கே நிற்கின்றது? மட் நிரலில், நீங்கள் எந்தக் கோப்புறையில் இருந்துகொண்டு நிரலை ஆரம்பித்தீர்களோ அதிலிருந்தே சார்புப்பாதை கணக்கிடப்படும். அல்பைன் நிரலிலோ, அமைப்பை மாற்றாதவரை உங்கள் இல்லக் கோப்புறையே தொடக்க இடமாகும். எனவே 'வரலாறு' கோப்புறையிலிருந்து இரு நிரல்களையும் ஆரம்பித்து மேலே தந்த சார்புப்பாதையைக் கொடுத்தால், மட் கோப்பைக் கண்டுபிடிக்கும். அல்பைன் அப்படி ஒரு கோப்பு இல்லை என்று கூறும். இல்லக் கோப்புறையிலிருந்து இரு படி மேலே சென்றால் மூலக் கோப்புறைதான் வரும், அங்கே 'கடிதங்கள்' இல்லை அல்லவா? பாதை சரியானது, தொடக்க இடம்தான் வேறு. இதை விளங்கிக்கொண்டவர் தேடுவதில் பாதி வேலையை முடித்துவிட்டார் என்பேன். கோப்பு இருக்கும் கோப்புறைக்கு முதலில் சென்று, அங்கிருந்தே மட் நிரலை ஆரம்பித்தால் கோப்பின் பெயர் மட்டுமே போதும். அலையும் குறியீடாகிய ~ இல்லக் கோப்புறையைக் குறிக்கும் என்பதால், ~/கடிதங்கள்/விண்ணப்பம்2 என்று எழுதினால் எங்கு நின்றாலும் சரியாகும்.

முழுப்பெயரையும் தட்டச்சு செய்யவேண்டியதில்லை. முதல் சில எழுத்துகளைக் கொடுத்து 'ரப்' விசையை அழுத்தினால், அவ்வெழுத்துகளில் தொடங்கும் பெயர் ஒன்றே ஒன்றாயின் மட் மிகுதியைத் தானே நிரப்பும். பல இருப்பின் பொதுவான பகுதிவரை நிரப்பி நின்றுவிடும். பெயரே ஞாபகத்தில் இல்லையெனில் வினாக்குறியை அழுத்தவும். கோப்புப் பட்டியல் திரையில் விரியும். அல்பைனில் கொன்ரோல் விசையுடன் 'ஜே', அதன்பின் கொன்ரோலுடன் 'ரி' என அழுத்தினால் இதையொத்த பட்டியல் வரும்.

நூற்றுக்கணக்கான கோப்புகள் உள்ள பட்டியலில் கீழ்நோக்கிய அம்பு விசையை அழுத்திக்கொண்டே இருப்பது நேரத்தை வீணாக்கும். மட்டின் பட்டியலில் 'ஓ' விசை வரிசைப்படுத்தலை மாற்றும். சாதாரணமாக அகரவரிசையில் இருக்கும் பட்டியலைத் திகதிப்படியோ அளவுப்படியோ அடுக்கலாம். சாய்கோட்டு விசையை அழுத்திச் சொல்லைக் கொடுத்தால் அச்சொல் உள்ள பெயருக்குத் தாவும். 'எம்' விசை வடிகட்டியாகும். அதாவது கொடுத்த எழுத்துகள் பொருந்தும் பெயர்களை மட்டும் விட்டு மற்றவற்றை மறைக்கும். வடிகட்டியைப் போட்டுவிட்டு மறந்துவிட்டால், "என்னுடைய கோப்பு அழிந்துவிட்டதே" என்று பதற நேரிடும். மறைதல் வேறு, அழிதல் வேறு. பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகளும் இவ்வாறே இயல்பாக மறைக்கப்பட்டிருக்கும்.

இனி, பெயரிடல். நமது மாணவரின் கோப்புறையில் விண்ணப்பம்1, விண்ணப்பம்2 என்று தொடங்கி விண்ணப்பம்10 வரை பத்துப் பிரதிகள் இருந்தால் அகரவரிசையில் 1 ஐ அடுத்து வருவது 2 அன்று, 10 ஆகும். கணினி இங்கு எண்ணின் பெறுமானத்தைப் பார்ப்பதில்லை. இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாகவே ஒப்பிடுகின்றது. ஆகையால் 01, 02, 10 என எழுதுக. திகதியாயின் 2024-08-15 என ஆண்டை முதலில் வைக்க. 15-08-2024 என வைத்தால் எல்லா மாதங்களின் 15 ஆம் திகதிகளும் ஒன்றாக வந்து குவியும்.

இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். பட்டியலில் ஒரு வரி தவறினால் திருத்தாத பழைய விண்ணப்பம் போய்விடும். அனுப்பிய மின்னஞ்சல் மற்றவரின் அஞ்சற்பெட்டியைச் சேர்ந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்கும் வசதி இந்நிரல்களில் கிடையாது. புலமைப்பரிசில் குழு திறந்து பார்ப்பது அந்தப் பழைய விண்ணப்பத்தைத்தான். எனவே அனுப்பும் முன் மட் காட்டும் இணைப்புப் பட்டியலை ஒருதரம் வாசிக்கவும். இணைத்த கோப்பின் பாதையும் அளவும் அதில் இருக்கும். அவ்வரியில் நின்று 'என்ரர்' விசையை அழுத்தினால் கோப்பைத் திறந்தும் பார்க்கலாம்.

பயிற்சி வினா

ஒருவர் /ஹோம்/மாணவர்/பாடங்கள் என்னும் கோப்புறையிலிருந்து மட் நிரலை ஆரம்பிக்கின்றார். அவர் இணைக்கவேண்டிய கோப்பு /ஹோம்/மாணவர்/படங்கள்/பாடசாலை/விழா01 ஆகும்.
(அ) சார்புப்பாதையை எழுதுக.
(ஆ) இல்லக் கோப்புறை /ஹோம்/மாணவர் எனின், அல்பைன் நிரலில் அதே கோப்புக்கான சார்புப்பாதை யாது?

விடை: (அ) ../படங்கள்/பாடசாலை/விழா01 (ஆ) படங்கள்/பாடசாலை/விழா01. (ஆ) பகுதிக்கு முன்னால் சாய்கோடு இட்டால் அது மூலக் கோப்புறையிலிருந்து தேடும், விடை பிழையாகும்.