போகும் மாணவர், தங்கும் கணக்கு

கல்லூரி மாணவர்களின் சேவையால் தொண்டு நிறுவனங்களுக்கு உண்மையில் என்ன லாபம்? அந்தமான் கடற்கரையில் இருக்கிறது ஒரு விடை.

இரவு முழுவதும் மணலில் நடக்க வேண்டும். டார்ச் விளக்கை நினைத்தபோதெல்லாம் அடிக்கக் கூடாது. சில நூறு கிலோ எடையுள்ள தோல்முதுகு ஆமை கரையேறிக் குழி தோண்டி முடிக்கும்வரை சத்தமில்லாமல் காத்திருக்க வேண்டும். அது முட்டையிடும் நேரம் பார்த்து முதுகை அளந்து, அடையாளச் சில்லைச் சரிபார்த்து, தாளில் குறிக்க வேண்டும். மறுநாளும் இதே வேலைதான். லிட்டில் அந்தமானின் தெற்கு விரிகுடாவில் 2008-இல் தொடங்கியது இந்தக் கணக்கெடுப்பு.

நடத்துவது அரசு அல்ல. தக்ஷின் அறக்கட்டளை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், வண்டூரில் களநிலையம் வைத்திருக்கும் அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழு (சுருக்கமாக 'ஆனெட்') ஆகியவற்றின் கூட்டு முயற்சி இது. வனத்துறை அனுமதி தருகிறது. ஆனெட்டைத் தொடங்கியது மாமல்லபுரம் அருகே உள்ள சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை. பல்கலைக்கழக மாணவர்கள் களப்பயிற்சிக்கும் ஆய்வேட்டுக்கும் தேடி வரும் இடம் அது.

மாணவர் சேவை நாட்டுக்குப் புதிதல்ல. 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம் உழைக்க வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. கடற்கரையில் குப்பை பொறுக்க, மரக்கன்று நட இது போதும். ஆமைகளை எண்ணப் போதுமா?

போதாது. காரணம் ஆமையிடமே இருக்கிறது. ஒரு பெண் ஆமை ஒரு பருவத்தில் பலமுறை முட்டையிடும். பிறகு சாதாரணமாக இரண்டு, மூன்று ஆண்டுகள் அந்தப் பக்கமே வராது. ஆகவே ஒரே ஆண்டுக் கணக்கை வைத்து ஆமைகள் பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகள் ஒரே முறையில் எண்ண வேண்டும். மாணவரின் காலண்டரோ செமஸ்டரோடு முடிந்துவிடுகிறது.

இந்த முடிச்சை அவிழ்ப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். 1925-இல் பர்மாவிலிருந்து மத்திய அந்தமானில் குடியேற்றப்பட்ட கரேன் சமூகத்தினர்தான் ஆனெட்டின் களப்பணிக்கு முதுகெலும்பு. எந்தக் கழிமுகத்தில் முதலை இருக்கும், எப்போது படகை இறக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மாணவர்கள் மாறுவார்கள், இவர்கள் மாறுவதில்லை. புதிதாக வருபவருக்குப் பழக்கிவிடும் ஆள் இல்லாத நிறுவனத்தில் மாணவர் ஒரு விருந்தாளி. சில சமயம் சுமையும்கூட.

சென்னையிலும் இதே பாடம். 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு இன்றும் பருவம்தோறும் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவு நடை நடத்துகிறது. பங்குனி ஆமையின் முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எத்தனையோ அணிகள் படித்து முடித்துப் போய்விட்டன, நடை நிற்கவில்லை. மூத்தவர் இளையவருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் ரகசியம். அந்தத் தொடக்க அணியில் ஒருவரான கார்த்திக் சங்கர், பின்னாளில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியரானார். தக்ஷின் அறக்கட்டளையை நிறுவியவர்களில் ஒருவர். சென்னை மணலில் மாணவராக நடந்தவர் அந்தமான் கணக்கெடுப்புக்கு வழிகாட்டுகிறார். தொண்டு நிறுவனத்துக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இலவச உழைப்பல்ல, நாளை திரும்பி வரப்போகும் ஆள்.

கணக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காயும் அல்ல. லிட்டில் அந்தமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஆமைகளில் சில ஆஸ்திரேலியப் பக்கமும், சில ஆப்பிரிக்கக் கரையை நோக்கியும் நீந்தியது தெரியவந்தது. 2004 சுனாமியில் அழிந்த முட்டையிடும் மணல்திட்டுகள் மெல்ல மீண்டன என்பதையும் கரையில் நடந்தவர்கள்தான் பதிவு செய்தார்கள்.

இன்று அந்தப் பதிவுகளுக்குத் தேவை கூடியிருக்கிறது. பெரிய நிக்கோபாரில் தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் முக்கியமான இடம் கலத்தியா விரிகுடா. அங்கே சரக்குப் பெட்டக முனையம் அமைக்க வழிவிட்டு 2021-இல் சரணாலய அந்தஸ்து விலக்கப்பட்டது. 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. துறைமுகம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஆமைகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். யாரும் எண்ணாத ஆமைக்காக யார் வாதாடுவது?

மாணவர்களை அழைக்க நினைக்கும் நிறுவனங்களுக்கு ஆமைக் கரை சொல்வது இதுதான்: ஆண்டுதோறும் மாறாத ஒரே கேள்வி, கற்றுக்கொடுக்க நிலையான உள்ளூர் ஆள், யார் நிரப்பினாலும் ஒரே மாதிரியான தாள். இம்மூன்றும் இருந்தால் ஒரு மாதம் வருபவர்கூட உதவியாளர். இல்லாவிட்டால், சான்றிதழோடு ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணி.