ஓட்டுக்கு முன்பே கால்சியத்துக்கு வேலை

வாளையாறு சோதனைச் சாவடி வழியாகப் பாலக்காட்டுக்குள் நாமக்கல் முட்டை லாரி லாரியாகப் போகிறது. அதே வாளையாற்றில்தான் மலபார் சிமென்ட்ஸ் ஆலைக்காக மலையைக் குடைந்து சுண்ணாம்புக்கல் எடுத்தார்கள். முட்டை ஓடும் அந்தக் கல்லும் பெரும்பகுதி ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட். ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். கால்சியம் குறைந்தால் தோல்முட்டை வரும் என்பது கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் மஞ்சள் கரு சினைப்பையை விட்டு இறங்கும் முன்பே கால்சியத்தின் வேலை தொடங்கிவிடுகிறது.

கோழிக்கு இடது சினைப்பை மட்டுமே இயங்கும். அதில் மஞ்சள் கருக்கள் திராட்சைக் கொத்துபோல, பெரிதும் சிறிதுமாகத் தொங்கும். ஒவ்வொன்றையும் கிரானுலோசா செல்கள் போர்த்தியிருக்கும். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்பும்போது, மிகப் பெரிய கருவைச் சுற்றியுள்ள செல்கள் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். அது எல்.எச். அளவை இன்னும் ஏற்றிவிடும். அந்த ஏற்றம் உச்சத்தைத் தொட்ட சில மணி நேரத்தில் கரு விடுபடும்.

இதில் கால்சியம் எங்கே வருகிறது? தேக்கடியில் ஷட்டரைத் திறந்தால் பெரியாற்று நீர் சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. போகிற வழியில் லோயர் கேம்பில் மின்சாரமும் தருகிறது. செல்லிலும் அப்படியொரு மேடு பள்ளம் உண்டு. செல்லுக்கு உள்ளே இருப்பதைப் போல ஏறக்குறைய 10,000 மடங்கு கால்சியம் அயனி வெளியே நிற்கிறது. சவ்வில் உள்ள மதகு திறந்ததும் அது உள்ளே பாய்கிறது. அயனிக்கு மின்னூட்டம் உண்டு என்பதால் அந்தப் பாய்ச்சலே மின்னோட்டம்.

ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலான இந்த ஓட்டத்தையும் அளக்க முடியும். நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையைச் செல்லின் மேல் ஒட்டவைத்து அளக்கும் முறையை எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் 1976-இல் வெளியிட்டார்கள். 1991-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கோழியின் கிரானுலோசா செல்களில் இரண்டு வகைக் கால்சியம் மதகுகள் இருப்பதை 1989-இல் வெளியான ஆய்வு காட்டியது. டி வகை, சிறு மின்னழுத்த மாற்றத்துக்கே திறந்து சட்டென மூடிக்கொள்ளும். எல் வகைக்குப் பெரிய மாற்றம் வேண்டும். திறந்தால் கூடுதல் நேரம் திறந்திருக்கும்.

வெளியே கால்சியம் குறைந்தால் உள்ளே பாயும் ஓட்டமும் குறையும். இன்னொன்றும் நடக்கும். சவ்வின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் கால்சியம்தான் மதகுகளை அடக்கி வைக்கிறது. அது விலகினால் சிறு மாற்றத்துக்கே அவை திறந்துகொள்ளும். கால்சியம் அறவே இல்லாவிட்டால் அதன் மதகு வழியே சோடியம் புகுந்துவிடும். உள்ளே கால்சியம் மிகுந்தாலோ, எல் வகை மதகு தானே அடைத்துக்கொள்ளும். இவை பல உயிர்களின் செல்களுக்குப் பொதுவான விதிகள். கோழியின் கிரானுலோசா செல்களை வளர்க்கும் திரவத்தில் கால்சியத்தை எடுத்துவிட்டால், எல்.எச். சேர்த்தாலும் புரோஜெஸ்டிரோன் வழக்கம்போல் கூடுவதில்லை.

தீவனத்தில் கால்சியம் மிகவும் குறைந்தால் கோழி சில நாட்களில் முட்டையிடுவதையே நிறுத்திவிடும். பிட்யூட்டரியின் சமிக்ஞை தளர்ந்துபோவதே இதற்கு முக்கியக் காரணம். ஆகவே உங்கள் வீட்டுக் கோழி அடைக்கும் உட்காராமல், இறகும் உதிர்க்காமல் முட்டையை நிறுத்தினால், அதற்கு வைத்த கிளிஞ்சல் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. கிளிஞ்சலை மாலையில் வையுங்கள்.